லினக்ஸின் துவக்க வரி: பென் டிரைவிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கும் முறை

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் இயங்கிய காலத்தில், ஆட்களை ஏற்றிய கூண்டு அசைவதற்கு முன்னர் மணி ஒலிக்கும். இத்தனை முறை ஒலித்தால் மேலே தூக்குக, இத்தனை முறை ஒலித்தால் கீழே இறக்குக, ஆட்கள் ஏறியிருக்கின்றனர் என்றெல்லாம் முன்னரே வகுக்கப்பட்ட குறிகள் உண்டு. யந்திர அறையில் அமர்ந்திருப்பவர் கூண்டைக் கண்ணால் காண்பதில்லை. மணியின் எண்ணிக்கையே அவருக்குக் கட்டளை. யந்திரமும் கயிறும் அவையே ஆயினும், தொடங்குமுன் தரப்படும் குறிக்கேற்ப அவற்றின் செயல் வேறுபடும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. எனினும் ஆண்டர்சன்பேட்டையில் முதியோர் எவரையேனும் கேட்டால் அம்மணிக் குறிகளின் பொருளைச் சொல்லக்கூடும்.

கணிப்பொறியிலும் இதற்கு ஒப்பானதோர் ஏற்பாடு உள்ளது. லினக்ஸ் என்னும் இயங்குதளம் விழித்தெழும் தறுவாயில், அதன் கையில் ஒரே ஒரு வரி கொடுக்கப்படுகிறது. அவ்வரியில் அடங்கிய சொற்களைப் படித்துப் பார்த்தே அது எவ்வாறு தொடங்குவது என்பதை முடிவு செய்கிறது. அவ்வரியைத் துவக்க வரி என்றும், அதிலுள்ள சொற்களைத் துவக்கக் குறிகள் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். வன்தட்டில் நிறுவப்பட்ட லினக்ஸுக்கும் இவை பொருந்தும். ஆனால் பென் டிரைவில் வைத்து எங்கும் எடுத்துச் செல்லத்தக்க லினக்ஸுக்கு இவை இன்றியமையாதவை. அது இன்று ஒரு யந்திரத்தையும் நாளை வேறொரு யந்திரத்தையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது அன்றோ?

இப்பொருள் இப்பொழுது பள்ளிகளுக்கு ஏன் வேண்டுவதாயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அதன் உற்பத்தியாளர் அளித்துவந்த பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்போ பழைய யந்திரங்கள் பலவற்றை ஏற்பதில்லை. இன்னும் நன்றாக ஓடக்கூடிய கணிப்பொறிகள் இதனால் மூலையில் ஒதுக்கப்படுகின்றன. வேறு சிலவற்றில் வன்தட்டு மட்டும் பழுதாகி, மற்ற உறுப்புக்கள் யாவும் செம்மையாக இருக்கின்றன. இத்தகைய யந்திரங்களைப் பென் டிரைவில் அமைந்த லினக்ஸைக் கொண்டு மீண்டும் மாணவர் முன் வைக்க முடியும். புது யந்திரம் வாங்கப் பணமில்லாத பள்ளிக்கு இது சிறு உதவியன்று.

நகரும் லினக்ஸ்

ஃபின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸின் கருவை வெளியிட்டார். அதை வன்தட்டில் நிறுவாமலே குறுந்தட்டிலிருந்து இயக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் ஜெர்மானியப் பொறியாளர் கிளௌஸ் குனோப்பர். அவருடைய குனோப்பிக்ஸ் என்னும் தொகுப்பு 2000ஆம் ஆண்டில் தோன்றியது. துவக்கக் குறிகளுக்கு அவர் விளையாட்டாக இட்ட பெயர் ‘சீட் கோட்’ என்பதாகும். ஆட்டத்தில் குறுக்கு வழி காட்டும் இரகசியச் சொல் என்பது இதன் கருத்து. இதில் இரகசியம் எதுவுமில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 2003ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியரான பாரி கௌலர் பழைய யந்திரங்களுக்கென்றே பப்பி லினக்ஸ் என்னும் மிகச் சிறிய தொகுப்பை அமைத்தார். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது டெபியன் என்னும் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. 2011ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டில் மாணவருக்கு வழங்கப்பட்ட மடிக்கணிப்பொறிகளில் அதைக் கண்டவர் பலர். டெபியனின் வழிமுறையையே கீழே முதன்மையாக விளக்குகிறோம். அதைத் தழுவிய தொகுப்புக்களுக்கும் இவ்விளக்கம் பெரும்பாலும் பொருந்தும்.

இனி யந்திரத்தின் உள்ளே நடப்பதை நோக்குவோம். மின்விசையை இட்டதும் கணிப்பொறியின் நிலைமென்பொருள் முதலில் விழிக்கிறது. அது பென் டிரைவிலுள்ள துவக்கியை அழைக்கிறது. துவக்கி, லினக்ஸின் கருவையும், அதனோடு ஒரு சிறு தற்காலிகக் கோப்புத் தொகுதியையும் நினைவகத்தில் ஏற்றி, துவக்க வரியைக் கருவின் கையில் கொடுத்து விலகிக்கொள்கிறது. தற்காலிகத் தொகுதியிலுள்ள நிரல்கள், அருகிலுள்ள தட்டுக்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சுருக்கப்பட்ட பெரிய கோப்பு ஒன்றைத் தேடுகின்றன. முழு இயங்குதளமும் அக்கோப்புக்குள் அடங்கியுள்ளது. அதைப் படிக்கலாமேயன்றி அதில் எழுதுதல் இயலாது.

எழுத முடியாத ஒன்றின்மீது கணிப்பொறி எவ்வாறு வேலை செய்யும்? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. நில அளவைத் துறையினர் அச்சிட்ட வரைபடத்தின்மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, குறிக்க வேண்டியவற்றை அத்தாளில் குறிப்பர். மேலிருந்து நோக்குவோருக்கு இரண்டும் ஒரே படமாகத் தோன்றும்; அடியிலுள்ள வரைபடமோ மாசுபடுவதில்லை. அவ்வாறே படிக்க மட்டும் இயலும் கோப்பு அடியிலும், நினைவகத்தில் அமைந்த வெறுந்தளம் மேலுமாக அடுக்கப்படுகின்றன. புதிதாக எழுதுவன யாவும் மேல் தளத்திலேயே பதிகின்றன. லினக்ஸின் கருவிலேயே இவ்வடுக்கு முறை 2014ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான 3.18ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னரும் வெளியிலிருந்து ஒட்டிய நிரல்களால் இதே வேலை நடந்துவந்தது.

மின்விசை நின்றதும் நினைவகம் வெறுமையாகிவிடும், மேல்தாள் மறைந்துபோகும். இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் ஒருங்கே உள்ளன. ஒரு வகுப்பு மாணவர் அமைப்புக்களைக் கலைத்துப் போட்டாலும், அடுத்த வகுப்புக்குக் கணிப்பொறி புதிதுபோல் எழும். மின்வெட்டு நேரினும் இயங்குதளம் பழுதுறாது. ஆனால் மாணவன் ஒரு மணி நேரம் முயன்று எழுதிய கட்டுரையும் அதே வேகத்தில் மறைந்துவிடும்.

வரியைத் திருத்துதல்

பென் டிரைவைச் செருகி, யந்திரத்தை இயக்கியவுடன், எத்தட்டிலிருந்து தொடங்குவது என்று தேர்வதற்குரிய விசையை அழுத்துதல் வேண்டும். பல யந்திரங்களில் எஃப்-12, சிலவற்றில் எஃப்-9 அல்லது எஸ்கேப். பென் டிரைவைத் தேர்ந்ததும் துவக்கியின் பட்டியல் திரையில் தோன்றும். புதிய யந்திரங்களில் ஆங்கில ‘ஈ’ எழுத்தை அழுத்தினால் அப்பட்டியலின் உட்புறம் திறக்கும். அங்கே ‘லினக்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் வரியின் கடைசிக்குச் சென்று, ஓர் இடைவெளி விட்டு, வேண்டிய குறியைத் தட்டி, எஃப்-10ஐ அழுத்துக. பழைய யந்திரங்களில் டேப் விசையால் வரி திறக்கும். எண்டர் விசையால் தொடக்கம் நிகழும். இத்திருத்தம் அந்த ஒரு முறைக்கே செல்லும். தவறாகத் தட்டிவிட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. நிறுத்தி மீண்டும் இயக்கினால் பழைய வரி திரும்பிவிடும்.

குறிகளை ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் இடைவெளியின்றித் தட்டுதல் வேண்டும். தமிழ் எழுத்தில் அவற்றை எழுதிக் காட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு: ‘டேபிள்’, ‘டாக்டர்’ என்னும் இரண்டு சொற்களின் முதலெழுத்தும் நமக்கு ஒன்றே. ஆதலின் இங்கே டேபிளின் முதலெழுத்தை ‘டீ’ என நீட்டியும், டாக்டரின் முதலெழுத்தை ‘டி’ எனக் குறுக்கியும் எழுதுகிறோம். பேப்பரின் முதலெழுத்து ‘பீ’; பஸ்ஸின் முதலெழுத்து ‘பி’.

திரை இருண்டு போதல் பழைய யந்திரங்களில் அடிக்கடி காணும் தொல்லை. கரு, காட்சி அட்டையைத் தன் விருப்பப்படி அமைக்க முற்படும்போது சில அட்டைகள் இணங்குவதில்லை. அப்போது என்-ஓ-எம்-ஓ-டி-ஈ-எஸ்-ஈ-டீ என்னும் குறியைச் சேர்த்தால், கரு அம்முயற்சியைக் கைவிட்டு, நிலைமென்பொருள் தந்த எளிய காட்சியோடு நின்றுவிடும். படம் சற்று மந்தமாக நகரும். ஆனால் திரை தெரியும். தொடக்கம் பாதியில் நின்றுபோனால் வரியிலுள்ள க்யூ-யூ-ஐ-ஈ-டீ என்னும் சொல்லை நீக்கிவிடுக. ‘வாய் மூடியிரு’ என்று கருவுக்கு இடப்பட்ட கட்டளை அது. அதை நீக்கியதும் கரு தான் செய்வனவற்றையெல்லாம் திரையில் எழுதிக்கொண்டே செல்லும். கடைசியில் நின்ற வரியை ஏட்டில் குறித்துக்கொண்டால், பிறரிடம் உதவி கேட்பதற்கு அதுவே போதிய சான்றாகும்.

ஒரு பென் டிரைவும் பத்துக் கணிப்பொறிகளும்

பள்ளியில் பத்துக் கணிப்பொறிகள் உள்ளன. பென் டிரைவ் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். டீ-ஓ-ஆர்-ஏ-எம் என்னும் குறி இங்கு உதவும். இக்குறியைக் கண்டால் லினக்ஸ், பென் டிரைவிலுள்ள பெரிய கோப்பை முழுவதும் நினைவகத்தில் பிரதி எடுத்துக்கொள்கிறது. அதன்பின் பென் டிரைவைக் கழற்றி அடுத்த யந்திரத்தில் செருகலாம். கோப்பின் அளவு 1,500 மெகாபைட் எனவும், பழைய யுஎஸ்பி வாயில் விநாடிக்கு 30 மெகாபைட் தருகிறது எனவும் கொண்டால், பிரதி எடுக்க 50 விநாடி ஆகும். பத்து யந்திரங்களுக்கு ஏறத்தாழ எட்டு நிமிடமும், இடையில் நடந்து செல்லும் நேரமும் செல்லும். அதாவது மணி அடிப்பதற்கு முன்னர் வேலை முடிந்துவிடும். நினைவகம் 2 ஜிகாபைட்டே உள்ள யந்திரத்தில் இதைச் செய்யலாகாது; கோப்பு போக மிஞ்சும் இடம் வேலைக்குப் போதாது. 4 ஜிகாபைட் இருப்பின் வகுப்புப் பாடங்களுக்குப் போதும். வேறொரு நன்மையும் உண்டு: நினைவகத்திலிருந்து படிப்பதால் நிரல்கள் விரைந்து திறக்கும்.

ஒவ்வொரு யந்திரத்துக்கும் பெயரிட விரும்புவோர் எச்-ஓ-எஸ்-டீ-என்-ஏ-எம்-ஈ என்று தட்டி, சமன்குறியிட்டு, பெயரை எழுதலாம்.

தங்கவயலில் மொழியைப் பற்றிய குறிகள் தனிக் கவனத்துக்குரியவை. இங்கே பெரும்பாலான வீடுகளில் தமிழ் பேசப்படுகிறது. மாநில மொழி கன்னடம். ஆங்கிலமும் வகுப்பில் வேண்டும். எல்-ஓ-சி-ஏ-எல்-ஈ-எஸ் என்னும் குறியோடு சமன்குறியும், டீ-ஏ, கீழ்க்கோடு, பேரெழுத்தில் ஐ-என் என்பனவும் சேர்ந்தால் பட்டியல்களும் அறிவிப்புக்களும் தமிழில் வரும். டீ-ஏவுக்குப் பதிலாகக் கே-என் எழுதினால் கன்னடத்தில் வரும். மொழிபெயர்ப்பு முற்றுப்பெறாத இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்ப்பதைத் தவிர்க்க இயலாது.

விசைப்பலகைக்கு இரண்டு குறிகள் வேண்டும். முதற்குறியில் தளக்கோலங்களையும், இரண்டாங்குறியில் அவற்றின் வகைகளையும் காற்புள்ளியிட்டு வரிசையாக எழுதுதல் முறை. ஆங்கிலம், தமிழ், கன்னடம் மூன்றும் வேண்டுமாயின், முதற்குறியில் யூ-எஸ், ஐ-என், ஐ-என் என மூன்றையும் எழுதுக. இந்தியக் கோலம் இருமுறை வருவது பிழையன்று. இரண்டாங்குறியில் முதலிடத்தை வெறுமையாக விட்டு, காற்புள்ளியிட்டு, தமிழ் 99 முறைக்குரிய ‘தமிழ்நெட்’ என்பதையும் (அதன் எழுத்துக்கள்: டீ-ஏ-எம்-ஐ-எல்-என்-ஈ-டீ), கன்னடத்துக்குரிய கே-ஏ-என் என்பதையும் எழுதுக. வெறுமையான அம்முதலிடத்தை மறந்துவிட்டால் வகைகள் ஓரிடம் முன்னே நகர்ந்து, ஆங்கிலக் கோலத்துக்குத் தமிழ் வகையைத் தேடி யந்திரம் தோற்றுவிடும். நான்கு கோலங்களுக்கு மேல் இம்முறை ஏற்பதில்லை.

களப்பணியாளர் கவனிக்க வேண்டிய குறி ஒன்று நேரத்தைப் பற்றியது. விண்டோஸ் இருந்த யந்திரத்தின் உட்கடிகாரம் வழக்கமாக இந்திய நேரத்தையே காட்டும். லினக்ஸோ அக்கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டுவதாகக் கருதி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடும். காலை 10 மணிக்குச் சேமித்த மழையளவுக் குறிப்பு பிற்பகல் 3.30க்குச் சேமிக்கப்பட்டதாகப் பதிவாகும். இணையத் தொடர்பு இருப்பின் நேரம் தானே திருந்தும். தொடர்பில்லாத இடங்களில் யூ-டீ-சி என எழுதி, சமன்குறியிட்டு, என்-ஓ என்று சேர்த்தால் இத்தவறு நேராது.

மறையாத மேல்தாள்

இனி மாணவனுடைய கட்டுரைக்கு வருவோம். மேல்தாளை நினைவகத்தில் விரிக்காமல், பென் டிரைவின் மற்றொரு பகுதியில் விரிக்கச் செய்வதற்குரிய குறி ‘பெர்சிஸ்டென்ஸ்’ என்பதாகும். அதன் எழுத்துக்கள்: பீ-ஈ-ஆர்-எஸ்-ஐ-எஸ்-டீ-ஈ-என்-சி-ஈ. குறி மட்டும் போதாது. பென் டிரைவில் எஞ்சிய இடத்தில் லினக்ஸுக்குரிய எக்ஸ்ட்-4 முறையில் ஒரு பகுதி அமைத்து, அப்பகுதிக்கும் இதே சொல்லைப் பெயராக இட்டு, அதனுள் இதே சொல்லோடு புள்ளியும் சி-ஓ-என்-எஃப் என்பதும் சேர்ந்த பெயருடைய சிறு கோப்பு ஒன்றை வைத்தல் வேண்டும். எவற்றைக் காப்பது என்பதை அக்கோப்பிலுள்ள வரி கூறும். சாய்கோடும், இடைவெளியும், யூ-என்-ஐ-ஓ-என் என்பதும் எழுதினால் மாற்றங்கள் அனைத்தும் காக்கப்படும். சாய்கோட்டுடன் எச்-ஓ-எம்-ஈ என்று மட்டும் எழுதினால், பயன்படுத்துவோரின் கோப்புக்கள் மட்டும் காக்கப்படும். இயங்குதளம் ஒவ்வொரு நாளும் புதிதாகவே எழும்.

பள்ளிக்குப் பின்னதே ஏற்றது என்பது எமது கருத்து. அனைத்தையும் காக்கும் முறையில் ஒரு மாணவன் செய்த தவறான அமைப்பும் காக்கப்பட்டுவிடும். ஆண்டிறுதியில் பென் டிரைவும் நிரம்பித் திணறும். எம்முறையாயினும், யந்திரம் ஒரு நாள் ஒழுங்காக எழ மறுத்தால், அக்குறியை எடுத்துவிட்டுத் தொடங்கிப் பார்க்க வேண்டும். அப்போது நன்றாக எழுந்தால், பழுது மேல்தாளில் உள்ளதே தவிர அடிப்படத்தில் இல்லை என்று துணியலாம். பப்பி லினக்ஸில் இதே சோதனைக்குப் பீ-எஃப்-ஐ-எக்ஸ், சமன்குறி, ஆர்-ஏ-எம் என்னும் குறி உள்ளது. காக்கும் குறியைப் பயன்படுத்துங்கால் பென் டிரைவை நடுவில் பிடுங்கலாகாது. பிரதி எடுக்கும் குறியைச் சேர்த்திருப்பினும் இவ்விதி மாறாது, ஏனெனில் மேல்தாள் பென் டிரைவிலேயே இருக்கிறது.

அன்றாடம் இவற்றைத் தட்டிக்கொண்டிருத்தல் இயலாத காரியம். பென் டிரைவிலுள்ள துவக்கியின் பட்டியல் கோப்பில் இவற்றை நிலையாக எழுதிவிடலாம். ஏற்கெனவே உள்ள பட்டியல் உருப்படி ஒன்றைப் பிரதி செய்து, தலைப்பை ‘எட்டாம் வகுப்பு’ என்றாற்போல் மாற்றி, வரியின் இறுதியில் குறிகளைச் சேர்த்தல் எளிது. பழைய யந்திரங்களும் புதிய யந்திரங்களும் வெவ்வேறு பட்டியல் கோப்புக்களைப் படிக்கின்றன, இரண்டிலும் திருத்துக. ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென் டிரைவில் பதித்திருந்தால் அக்கோப்புக்களைத் திருத்த முடியாது. ஃபேட்-32 முறையில் அமைத்த பகுதியில் கோப்புக்களைப் பிரதி செய்து தயாரித்த பென் டிரைவிலேயே இது கைகூடும்.

பிறர் வன்தட்டைத் தொடாமல் இருத்தல்

அலுவலகக் கணிப்பொறி ஒன்று திடீரென எழ மறுக்கிறது. அதன் வன்தட்டில் மாணவர் மதிப்பெண்கள் உள்ளன. வேறு பிரதி இல்லை. இந்நிலையில் பலர் முதலில் செய்யும் வேலை விண்டோஸை மீண்டும் நிறுவுவதாகும். மதிப்பெண்கள் அதனோடு அழிகின்றன. பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி, கோப்புக்களை வேறு தட்டுக்கு எடுத்துக்கொண்டபின் மற்றவற்றைப் பற்றி யோசிப்பதே முறை. அப்போது லினக்ஸ் தானாகவும் அவ்வன்தட்டில் எதுவும் எழுதலாகாது. குனோப்பிக்ஸ், வன்தட்டிலுள்ள இடமாற்றுப் பகுதியைக் கண்டால் அதை உபயோகிக்க முற்படும்; என்-ஓ-எஸ்-டபிள்யூ-ஏ-பீ என்னும் குறி அதைத் தடுக்கும். குற்றப் புலனாய்வுக்கும் பயன்படும் காலி லினக்ஸ் என்னும் தொகுப்பில், இக்குறியோடு என்-ஓ-ஏ-யூ-டீ-ஓ-எம்-ஓ-யூ-என்-டீ என்பதையும் சேர்த்துத் தனி உருப்படியாகவே பட்டியலில் வைத்துள்ளனர். பின்னது தட்டுக்களைத் தானாகத் திறப்பதைத் தடுப்பது. விண்டோஸ் முழுமையாக நிற்காமல் அரைத்தூக்கத்தில் விடப்பட்ட வன்தட்டாயின் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். அதில் எழுதினால் கோப்பு அமைப்பே குலையக்கூடும். படிப்பதற்கு மட்டும் திறந்து, பிரதி எடுத்து, மூடிவிடுக.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. பென் டிரைவைக் கொண்டு ஆசிரியர் திறக்கக்கூடிய வன்தட்டை, பென் டிரைவைக் கொண்டு வேறெவரும் திறக்கலாம். கடவுச்சொல் அதற்குத் தடையாகாது. நிறுவப்பட்ட லினக்ஸிலும் துவக்க வரியைத் திருத்தக்கூடியவர் கடவுச்சொல்லின்றி உள்ளே நுழைய வழியுண்டு. டெபியனின் நேரடித் தொகுப்பில் பயனர் பெயர் ‘யூசர்’, கடவுச்சொல் ‘லைவ்’ என்பது உலகறிந்த செய்தி. ஆகவே வினாத்தாள் போன்றவற்றைக் குறிமுறையால் பூட்டிய தட்டில் வைத்தலும், நிலைமென்பொருளுக்குக் கடவுச்சொல் இடுதலும் வேண்டும்.

இறுதியாக, இத்துவக்க வரிக்கு ஒரு குணம் உண்டு. அதில் தனக்குரிய சொற்களைக் கரு எடுத்துக்கொள்கிறது; தற்காலிகத் தொகுதி தனக்குரியவற்றை எடுத்துக்கொள்கிறது; பின்னால் எழும் நிரல்கள் தமக்குரியவற்றை எடுத்துக்கொள்கின்றன. எவருக்கும் உரியதல்லாத சொல்லைப் பற்றி எவரும் திரையில் முறையிடுவதில்லை. ‘பெர்சிஸ்டென்ஸ்’ என்பதன் நடுவிலுள்ள இரண்டாம் ‘ஈ’க்குப் பதிலாக ‘ஏ’ தட்டிவிட்டால், யந்திரம் வழக்கம்போல் எழும், வகுப்பு வழக்கம்போல் நடக்கும். மணி அடித்து யந்திரத்தை நிறுத்தியபின் நாற்பது மாணவரின் வேலையில் ஓர் எழுத்தும் எஞ்சியிராது. ஆதலின் புதிய பென் டிரைவை வகுப்புக்குக் கொண்டு செல்வதற்கு முந்திய நாள் அதில் ஒரு கோப்பை எழுதிச் சேமித்து, யந்திரத்தை முற்றிலும் நிறுத்தி, மீண்டும் தொடங்கி அக்கோப்பைத் தேடுக. காணாவிடின், முனையத்தைத் திறந்து ‘ப்ராக்’ என்னும் கோப்பகத்திலுள்ள ‘சிஎம்டிலைன்’ என்னும் கோப்பைப் படித்தால், யந்திரத்தின் கையில் கொடுக்கப்பட்ட வரி எழுத்துக்கு எழுத்து அங்கே காணப்படும். அதைத் தாளில் எழுதி வைத்த வரியோடு ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுகொள்ளலாம்.